மேற்சேரிச் சேவலும் எங்கள் சந்துச் சேவலும்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு, "உங்க குழுவோட வரலாற்றை எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். குழு வரலாறு என்றால் என்ன எழுதுவோம் என்று நமக்குத் தெரியாதா? எந்த வருஷம் தொடங்கினோம், எத்தனை பேர், மாதச் சேமிப்பு எவ்வளவு, வங்கிக் கடன் எத்தனை தடவை வாங்கினோம், குத்துவிளக்கு ஏத்தினது யாரு. இதெல்லாம் தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கு. அந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பக்கங்களைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். 2016 ஆகஸ்ட் மாதக் கூட்டம். அன்றைக்கு நடந்ததை யாரும் படிக்க வேண்டாம் என்று ஒட்டினோம். சண்டை பணத்தால் வந்ததில்லை. என் வீட்டுச் சேவலால் வந்தது.

எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட தங்கச்சியிடமே போய்க் கேட்டேன். "எழுதுக்கா, எம் பேரை மட்டும் போட்டுடாத" என்று சிரித்தாள். அதனால் எழுதுகிறேன். ஆனால் சேவலைப் பற்றி எழுதப் போனால் கோழியைப் பற்றி எழுதணும், கோழியைப் பற்றி எழுதப் போனால் எங்க அம்மாவிலிருந்து தொடங்கணும். கொஞ்சம் பொறுத்துப் படிங்க.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த வருஷம்தான் நான் பிறந்தேன். முத்தியால்பேட்டையில் ஓட்டு வீடு. பின்னால் ஒரு முருங்கை மரம், துவைக்கிற கல், அதையொட்டி அம்மாவின் பஞ்சாரம். அப்பா பஞ்சாலையில் வேலை. காலையில் முதலில் சேவல் கூவும், பிறகு மில் சங்கு ஊதும். சங்கு அப்பாவுக்கு, சேவல் அம்மாவுக்கு. அப்பாவின் சம்பளம் வீட்டுக்கு வரும் முன்பே மளிகைக் கடை நோட்டுக்குப் போய்விடும். முட்டைக் காசு மட்டும் யார் கணக்கிலும் வராது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகள் இரண்டு மூன்று எங்கள் வீதியில் இருந்தன. அந்த வீட்டு அம்மாமார்கள் நாட்டுக்கோழி முட்டையை எண்ணி வாங்கிக்கொண்டு கையில் காசு கொடுப்பார்கள். அம்மா அதை அரிசிப் பானைக்குள் போடுவாள். என் பள்ளிக்கூட நோட்டு, அக்காவின் கொலுசு, பாட்டியின் மருந்து எல்லாம் அந்தப் பானைக்குள்ளிருந்து வந்தவை. "கோழிக்காசு" என்று சொன்னால் அப்பாகூட வாய் திறக்க மாட்டார்.

நபார்டு வங்கி 1992-இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கலாம் என்று முன்னோட்டமாகத் தொடங்கியதுதான் நம் இயக்கத்தின் தொடக்கம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லுவார்கள். சரிதான். ஆனால் அரிசிப் பானைக்குள் கோழிக்காசு போட்ட காலத்தில் எந்த வங்கியும் எங்க அம்மாவைக் கேட்கவில்லை. சிறுவாட்டுக்கு ரிஜிஸ்தர் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் குழு 2003-இல் 12 பேரோடு தொடங்கியது. மாதம் 50 ரூபாய். முதல் உள்கடனில் 1,500 ரூபாய் எனக்குக் கிடைத்தது. மதகடிப்பட்டு சந்தைக்குப் போய் 5 பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்தேன். "டவுன்ல போய் கோழியா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் பிறகு முட்டைக்குச் சொல்லி வைத்தார்கள். கடனை 10 மாதத்தில் அடைத்தேன்.

இனி அந்தச் சேவல் கதை.

2015 நவம்பரிலும் டிசம்பரிலும் பெய்த மழை உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். பஞ்சாரத்துக்குள் தாய்க்கோழியும் 9 குஞ்சுகளும். விடிந்து பார்த்தால் ஒரே ஒரு குஞ்சு மட்டும் அம்மிக்கல் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது. அதை அடுப்படிக்குள் கொண்டு வந்து, அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு தொங்கவிட்டு, உள்ளங்கையில் நொய் வைத்து ஊட்டி வளர்த்தேன். அது என் முந்தானைக்குள் தூங்கும். வளர்ந்தபோது சேவல். சிவப்பு உடம்பு, கறுப்பு வால், நல்ல உயரம், மஞ்சள் கால். "துரை" என்று பேர் வைத்தோம். நடையைப் பார்த்தால் வேறு பேர் தோன்றாது.

ஆறாவது மாதத்தில் துரை மாறினான். தீனி வைக்கக் குனிந்தால் கையைக் கொத்தினான். நான் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு காஸ் சிலிண்டர் போடும் தம்பியை வாசலில் நிறுத்தி, இரண்டு காலாலும் எகிறி அடித்தான். அந்தத் தம்பி அதற்கப்புறம் சிலிண்டரைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போனான். அதையும் சிரித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னேன். நம்ம வீட்டுச் சேவலுக்கு இவ்வளவு வீரமா என்று ஒரு பெருமை. அங்கேதான் என் தப்பு.

ஆகஸ்டில் ஒரு நாள் எதிர்வீட்டுத் தங்கச்சியின் மகள், நாலு வயசு, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். துரை பாய்ந்து அடித்ததில் கால் முள் குழந்தையின் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. ஒரு விரல் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். நாலு தையல்.

அந்த வாரக் கூட்டத்தில் அவள் சேமிப்புப் புத்தகத்தைப் பாயில் போட்டு, "சேவல் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். நான் அந்த நேரத்தில் என்ன சொல்லியிருக்கணும்? "தப்புதாம்மா" என்று சொல்லியிருக்கணும். நான் சொன்னது, "பிள்ளையை வெளில விடாம நீ பார்த்துக்கணும்." அந்த வார்த்தையை எழுதும்போது இப்பவும் கை கூசுது. அவள் எழுந்து போனாள். அவளோடு நாலு பேர் போனார்கள். மூன்று மாதம் 5 பேர் சேமிப்பு கட்டவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. பஞ்சசூத்திரம் என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோமே, கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு, இதில் முதல் இரண்டும் நின்றுவிட்டால் மற்ற மூன்றும் எங்கே நிற்கும்? வங்கித் தவணையை மீதி 7 பேர் கைக்காசு போட்டுக் கட்டினோம். ஒரு சேவலால் 13 வருஷத்துக் குழு உடைகிற நிலைமை.

துரையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். முள்ளை வெட்டிவிட்டால் போதும் என்று என் எண்ணம். அங்கே இருந்த மருத்துவர் முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்துவிட்டார். உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கிறது, அடியோடு வெட்டினால் ரத்தம் நிற்காது என்றார். பிறகு, "இதைத் தனியா, கையில வெச்சு வளர்த்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப இதுக்கு நீங்கதாம்மா இன்னொரு சேவல்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். மற்ற கோழிகளோடு வளரும் குஞ்சு, கொத்து வாங்கிக் கொத்து வாங்கித் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. தனியாக மனிதர் கையில் வளர்ந்த சேவல் மனிதரையே தன் கூட்டமாக நினைக்கிறது. ஐந்து ஆறு மாதத்தில் பருவம் வந்ததும், கூட்டத்தில் யார் பெரியவன் என்று பார்க்கத் தொடங்குகிறது. நாம் பயந்து ஓடினால் அது ஜெயித்ததாகக் கணக்கு. நாம் காலால் உதைத்தால் சண்டைக்கு ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. இரண்டும் தப்பு. பாயப்போகும் சேவல் முன்னாலேயே சொல்லிவிடும்: ஒரு பக்க இறக்கையைத் தொங்கவிட்டு, நம்மைச் சுற்றிப் பக்கவாட்டில் நடக்கும், தலையைத் தாழ்த்தும், கழுத்து மயிர் குடை மாதிரி விரியும். அப்போது ஓடாமல், கையில் உள்ள கூடையையோ முறத்தையோ நமக்கும் அதற்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, அசையாமல் நிற்கணும். அது திரும்பித் தரையைக் கொத்தத் தொடங்கினால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப வந்தால் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, அது அடங்கும் வரை நம் வேலையைப் பார்த்துக்கொண்டு நடக்கணும். புலியை முறத்தால் விரட்டிய தமிழச்சி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குச் சேவலுக்கே முறம் வேண்டியிருந்தது.

காயத்தைப் பற்றியும் சொன்னார். சேவல் முள் மண்ணிலும் எச்சத்திலும் கிடப்பது. கிழித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவணும், மஞ்சளை அப்பி மூடக்கூடாது, டி.டி. ஊசி போட்டுக்கொள்ளணும். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் உடனே ஆஸ்பத்திரி. வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசி கோழிக்குத் தேவையில்லை, அந்த நோய் பாலூட்டி மிருகங்களால்தான் வரும்.

கடைசியாக ஒன்று சொன்னார்: "இது சண்டைச் சேவல் ரத்தம்மா. உங்க வளர்ப்பு பாதி, வம்சம் பாதி."

வம்சம் என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. என் மகள் விலங்கியல் படித்தவள். அவளிடம் கேட்டதில் ஆரம்பித்து, அவள் கொண்டு வந்த புத்தகங்களில் படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இனி எழுதுவது. நான் எட்டாவது வரை படித்தவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரிலிருந்து விழுப்புரம் 40 கிலோமீட்டர்தான். அந்த மாவட்டத்தில் அரசலாபுரம் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. நடுகல் என்றால் போரில் செத்த வீரனுக்கு நட்ட கல் என்று நினைப்போம். இந்தக் கல்லில் இருப்பது ஒரு சேவல். முகையூர் மேற்சேரிக்காகச் சண்டை போட்டுச் செத்த கோழி என்று பழைய எழுத்தில் வெட்டியிருக்கிறது. எழுத்தைப் பார்த்து 5-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். இந்தளூர் என்ற ஊரிலும் இதே போல் ஒரு கல், அது கீழ்ச்சேரிக் கோழிக்கு. சேரி என்பதற்கு அந்தக் காலத்தில் ஊரின் ஒரு பகுதி என்றுதான் அர்த்தம். மேலத்தெருவும் கீழத்தெருவும் சேவலை விட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். செத்த சேவலுக்குப் பேர் வெட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். 1,500 வருஷத்துக்கு முன்னால், இங்கிருந்து ஒரு பஸ் பிடித்துப் போகிற தூரத்தில்!

சோழர்களின் பழைய தலைநகர் உறையூருக்குக் கோழி என்றே ஒரு பேர் இருந்தது. அங்கே ஒரு கோழி யானையை எதிர்த்து விரட்டியதாகக் கதை. முருகன் கொடியில் சேவல். நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் சேவல்தான் சின்னம். கால்பந்து பார்க்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், பிரான்ஸ் அணியின் சட்டையில் இருக்கும். நம் ஒன்றியப் பகுதியிலேயே யானம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கோதாவரி மாவட்டங்களில் சங்கராந்திக்குச் சேவல் காலில் கத்தி கட்டி விடுவது இன்றும் நிற்கவில்லை. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி மிருகங்களைச் சண்டைக்கு விடுவது குற்றம். சட்டம் ஒரு பக்கம், பந்தயம் ஒரு பக்கம். 'ஆடுகளம்' படம் வந்தபோது நம்ம வீட்டுப் பையன்களெல்லாம் சேவல் வேண்டும் என்று அடம்பிடித்ததும் நினைவிருக்கும்.

இப்படி நூற்றுக்கணக்கான தலைமுறையாக, ஓடாத சேவலாகப் பார்த்து, அடங்காத சேவலாகப் பார்த்து அடைக்கு வைத்திருக்கிறார்கள். ஓடின சேவல் குழம்புக்குப் போனது, அதன் குணமும் அதோடு போனது. நின்று அடித்த சேவலின் குஞ்சுகள்தான் மிஞ்சின. பெருவிடை, அசில் என்று நாம் சொல்லும் வகைகள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. துரை என் சந்தில் செய்ததைத்தான் அவன் பாட்டன் மேற்சேரியில் செய்திருப்பான். அங்கே கல் நட்டார்கள். இங்கே நாலு தையல்.

இவ்வளவு படித்தபோது ஒரு கேள்வி வந்தது. பெட்டைக்கோழிக்கு எங்காவது கல் இருக்கிறதா? மகளிடம் கேட்டேன். அவள் கல் காட்டவில்லை, பட்டினப்பாலையில் ஒரு காட்சி காட்டினாள். காவிரிப்பூம்பட்டினத்தில் முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்ன வரும் கோழியை, காவல் இருக்கும் பெண் தன் காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறாள். அது குழந்தைகளின் விளையாட்டு வண்டிச் சக்கரத்தில் போய்த் தடுக்குகிறதாம். ஊரின் செல்வத்தைச் சொல்வதற்காகப் புலவர் அதைச் சொன்னார். எனக்கு வேறொன்று தெரிந்தது. முற்றம், தானியம், கோழி, பெண், குழந்தை. எங்க அம்மாவின் பின்கட்டு அப்படியே இருக்கிறது, காதுத் தங்கம் ஒன்றைத் தவிர.

கோழி மனிதரிடம் வந்த விதமும் அதுதான் என்கிறார்கள். 2022-இல் வந்த ஓர் ஆய்வு, வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தில் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை, காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடையில் என்றது. நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் சிந்தின தானியத்துக்காகச் சிவப்புக் காட்டுக்கோழி மரத்திலிருந்து இறங்கி வந்து வீட்டோடு தங்கியிருக்கிறது. யாரும் வலை போட்டுப் பிடித்து வந்திருக்க வேண்டியதில்லை.

இதில் நம்ம புதுச்சேரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பியேர் சொன்னெரா என்று ஒரு பிரெஞ்சுக்காரர், 1748-இல் லியோன் நகரத்தில் பிறந்தவர். (மகள் பேர் சொன்னதும் "என்ன சொன்னாரா?" என்று கேட்டேன்.) 1774 முதல் 1781 வரை கீழை நாடுகளைச் சுற்றி, பார்த்த செடி, பறவை, சடங்கு, தொழில் எல்லாவற்றையும் படம் போட்டு 1782-இல் புத்தகமாக்கினார். பிறகு பல வருஷம் புதுச்சேரியிலேயே வாழ்ந்தார், யானத்திலும் அதிகாரியாக இருந்தார். நம் மலைக்காடுகளில் இருக்கிற சாம்பல் நிறக் காட்டுக்கோழியை அந்தப் புத்தகத்தில் விவரமாக எழுதி, உலகத்து வீட்டுக்கோழிக்கெல்லாம் இதுதான் மூதாதை என்றார். 1813-இல் டெமிங்க் என்ற டச்சு அறிஞர் அந்தப் பறவைக்கு இவர் பெயரையே வைத்தார்: காலஸ் சொன்னெராட்டி. காட்டில் அதன் குரலைக் கேட்ட நம் மலைவாசிகள் அதற்கு என்றைக்கோ பேர் வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

1868-இல் டார்வின், சொன்னெரா சொன்னது சரியில்லை, சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றுதான் மூதாதை என்று எழுதினார். எல்லோரும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். 140 வருஷம் கழித்து, 2008-இல் சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் கோழியின் மரபணுவைச் சோதித்தபோது, உடம்பு முழுக்கச் சிவப்புக் காட்டுக்கோழி வழிதான், ஆனால் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். சிவப்புக் காட்டுக்கோழி நம்ம பக்கத்துக் காடுகளில் கிடையாது. சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. அப்படியானால் வீட்டுக்கோழியும் காட்டுச் சேவலும் நம்ம பக்கத்து மலையோரக் குடிசைகளில் எங்கோ கலந்திருக்கணும். இன்றைக்கு நாமக்கல்லில் அடைத்து வைத்திருக்கும் வெள்ளை லெகார்ன் காலும் மஞ்சள், கடையில் தொங்கும் பிராய்லர் காலும் மஞ்சள். கீரையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள மஞ்சள் சத்தைத் தோலில் தங்கவிடுவதுதான் அந்த மரபணுவின் வேலை. சந்தையில் "கால் மஞ்சளா இருக்கா பாரு" என்று அம்மா சொல்லுவாள். நல்லாத் தின்ன கோழி என்று அவள் கணக்கு. அவள் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது.

என் கணிப்பு ஒன்று. சேவலைத் தேர்ந்தெடுத்தது ஆம்பளைங்க, சண்டைக்கு. பெட்டையைத் தேர்ந்தெடுத்தது பொம்பளைங்க. அடைக்கு ஒழுங்காக உட்காருகிறதா, குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பாற்றுகிறதா, வீட்டுக்குள் நுழைந்து பானையை உருட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். அது கல்லில் இல்லை. ஆனால் நாட்டுப் பெட்டை ஒன்று 21 நாள் தீனி தண்ணீரைக் குறைத்துக்கொண்டு முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் குணம் பெட்டி வைத்துப் பொரிக்கும் பண்ணைக் கோழிக்கு ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. நம்ம வீட்டுக் கோழிக்கு இருக்கிறது. அதைக் காப்பாற்றியது யார்?

திரும்பச் சந்துக்கு வருகிறேன். ஒரு மாதம் மருத்துவர் சொன்னபடி செய்தேன். துரை எனக்கு அடங்கினான். முறத்தைப் பார்த்தால் விலகிப் போவான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அடங்கவில்லை. அவர்கள் உயரமும் ஓட்டமும் அவனை இழுத்தன. எப்போதும் கூண்டிலேயே அடைத்து வைக்க எனக்கு மனமும் இல்லை, இடமும் இல்லை. அந்தச் சமயம் பார்த்து ஒருவர் வந்து, பந்தயத்துக்கு ஏற்ற சேவல், 5,000 ரூபாய் தருகிறேன் என்றார். இரண்டு தவணைக் காசு. ராத்திரி முழுக்க யோசித்தேன். கத்தி கட்டிச் சாகவா முந்தானைக்குள் வைத்து வளர்த்தேன்? இல்லை என்று சொல்லிவிட்டேன். வேறு ஊரில் யாருக்காவது கொடுக்கலாம் என்றார் வீட்டுக்காரர். அந்த ஊரிலும் பிள்ளைகள் இருப்பார்களே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரையைக் குழம்பு வைத்தோம். நான் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுக்குக் கிண்ணம் எதுவும் அனுப்பவில்லை. அது சரியாகப் படவில்லை. வெறுங்கையோடு போனேன். சேவல் அடித்ததற்காக ஏற்கெனவே ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்திருந்தேன். இப்போது போனது கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தைக்காக. அவள் உடனே ஒன்றும் மன்னித்துவிடவில்லை. "உக்காருக்கா" என்றாள். டீ போட்டாள். டிசம்பர் கூட்டத்துக்கு வந்தாள், மற்ற நாலு பேரும் வந்தார்கள், மூன்று மாதச் சேமிப்பையும் சேர்த்துக் கட்டினார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பக்கங்களை ஒட்டினோம்.

சேவல் போனதும் இனிமேல் முட்டை கிடைக்காது என்று நான்கூட நினைத்தேன். இவ்வளவு வருஷம் கோழி வளர்த்தவள்! சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், தின்பதற்கு அந்த முட்டையில் ஒரு குறையும் இல்லை. குஞ்சு பொரிக்க மட்டும்தான் சேவல் வேண்டும் என்று குரும்பாபேட்டு வேளாண் அறிவியல் நிலையத்துப் பயிற்சியில் சொன்னார்கள். சேவலோடு சேர்ந்த பெட்டை, சேவலைப் பிரித்த பிறகும் ஒரு பத்து நாள் வரை குஞ்சு பொரிக்கிற முட்டையே இடும். அப்படியென்றால் ஒரு சந்துக்கு ஒரு சேவலே அதிகம். பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். நாம் வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொண்டு, விடியற்காலை நாலு மணிக்குத் தெரு முழுக்க எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தோம்.

அதில் வந்ததுதான் எங்கள் குழுவின் "சேவல் கடன்". குழுப் பணத்தில் ஒரு சேவல் வாங்கினோம். சிறுவிடை, சின்ன உடம்பு. மற்ற குஞ்சுகளோடு வளர்ந்ததா என்று கேட்டு, கிட்டே போனால் பாயாமல் விலகுகிறதா என்று சந்தையிலேயே பத்து நிமிஷம் நின்று பார்த்து வாங்கினோம். அது வீட்டுக்கு இரண்டு வாரம் என்று சுற்றி வரும். தீர்மானப் புத்தகத்தில் எடுத்த தேதி, கொடுத்த தேதி, கையெழுத்து. வட்டியாகப் பொரிந்த குஞ்சுகளில் ஒன்றைக் குழுவுக்குத் தரணும். முதல் வருஷம் ஒரு தப்பு செய்தோம். சேவலோடு சேர்ந்து நோயும் வீட்டுக்கு வீடு போகும் என்பதை யோசிக்கவில்லை. ஒரு வீட்டில் வந்த வெள்ளைக்கழிச்சல் மூன்று வீட்டுக் கோழிகளைக் கொண்டுபோய்விட்டது, 20-க்கு மேல். ராணிக்கெட் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். 1920-களில் இமயமலை அடிவாரத்தில் ராணிக்கெட் என்ற ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பேர். வந்த பிறகு மருந்து கிடையாது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. வருமுன் தடுப்பு மட்டும்தான்: குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, 8-ஆவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. இப்போது தடுப்பூசி போடாத வீட்டுக்குச் சேவல் போகாது. யாராயிருந்தாலும் சரி, தலைவி வீடாயிருந்தாலும் சரி. போன வருஷம் என் வீட்டுக்கே ஒரு முறை மறுத்துவிட்டார்கள்.

இப்போதிருக்கும் சேவல் குழுவின் மூன்றாவது சேவல். கால் மஞ்சள். சொன்னெராவுக்கு ஒரு சொந்தம். எதிர்வீட்டுத் தங்கச்சி 4 பெட்டை வைத்திருக்கிறாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளியில் படிக்கிறாள், கண்ணுக்குக் கீழே மெல்லிசாக ஒரு கோடு தெரியும். சேவலைக் கைமாற்றும் நாளில் அதை அக்குளில் இடுக்கித் தூக்கிக்கொண்டு சந்தைக் கடந்து வருகிறவள் அவள்தான். பெரியவர்களை நம்ப மாட்டாள், பிடிக்கத் தெரியாதாம்.

போன திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டாள். அடைக்கு ஒரு பெட்டை தயாராக இருக்கிறது. நேற்றிலிருந்து முட்டைகளில் பென்சிலால் தேதி எழுதி வைக்கிறேன்.